மூணாங்கட்டைக்குப் போன வழி

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு என் மகளின் நீலப் புள்ளி நின்றது.

காலையிலிருந்து அது பலமுறை நின்று நின்றுதான் நகர்ந்தது. குளுவாங்கில் பெட்ரோல் போட நின்றது. காஹாங் கடைத்தெருவில் வெகுநேரம் நின்றது, சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பெரிய சாலையை விட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து மண்சாலையில் மெதுவாக ஊர்ந்து போனது. மூன்று இருபதுக்கு அது நின்ற இடத்தில் கடை இல்லை, வீடு இல்லை, கைப்பேசி வரைபடத்தில் சாலை என்று ஒரு கோடுகூட இல்லை. திரை முழுக்கப் பச்சை. நடுவில் அவள்.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அன்றைக்கு ஏற்றவேண்டிய பெட்டிகளின் வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. புள்ளி நீலத்திலிருந்து சாம்பலாக மாறியதும் அவளை அழைத்தேன். இந்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாயில் ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடியும் அழைத்தேன். அதே குரல். அந்தக் குரலிடம் கெஞ்சினால் மனமிரங்கி இணைப்பைக் கொடுத்துவிடும் என்பதுபோல விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. மாசாயில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய் வருகிறாள். அன்று அவள் தேடிப் போனது ஒரு லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை. என் அப்பாவின் தாத்தா கப்பலில் வந்திறங்கி முதன்முதலில் குடியிருந்த லயம். காஹாங் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் அது இருந்தது. இப்போது ரப்பர் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதால்தான் அவள் போனாள்.

இந்தத் தேடல் எங்கள் வீட்டில் தொடங்கியது ஒரு பிடி மண்ணில். எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன முனீஸ்வரர் கோயில் ஒன்று உண்டு. அந்தக் கோயிலுக்கு மண் கொண்டுவந்தவர் என் அப்பா. தோட்டத்தை விட்டுக் கிளம்புகிறவர்கள் சாமி நின்ற இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துப் போவார்கள். போய்ச் சேருகிற இடத்தில் அதைப் புதைத்து, மேலே கல்லை நட்டு, சூலத்தைக் குத்தினால் அங்கே கோயில். பிடிமண் என்று பெயர். அப்பா லாபிஸ் தோட்டத்திலிருந்து எடுத்துவந்தார். லாபிஸ் கோயிலுக்கு அவருடைய அப்பா காஹாங்கிலிருந்து எடுத்துப்போயிருந்தார். கூரை மாற்றிய அன்று இதைக் கேட்ட என் மகள், “அப்ப மண்ணப் புடிச்சுக்கிட்டே பின்னால போனா, வந்த வழி பூரா தெரிஞ்சிடுமா?” என்று கேட்டாள்.

பெயர்களை வைத்துத் தேடினால் ஒவ்வொரு தோட்டத்திலும் அதே பெயரில் பத்துப் பேர் இருந்தார்கள். மண் அப்படி இல்லை. எந்தக் கோயிலுக்குப் போய்க் கேட்டாலும், இந்த மண் எங்கிருந்து வந்தது என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் வரைபடங்களை விரித்தோம். நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வரை காட்டும் பெரிய வரைபடம் ஒன்று, பழைய நில அளவைத் தாள்களின் நகல்கள் சில. நகல்களை டேப் ஒட்டி இணைத்தோம். கணினியில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பழைய தாளை வைத்து, மேலே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கிப் பார்ப்போம். சாலைகள் பொருந்தாது. ஆறுகள் பொருந்தும். ஆறு பொருந்திவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல வந்து உட்காரும்.

பெரிய வரைபடத்தில் என் மகள் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள். நாகப்பட்டினத்தில் தொடங்கி, கடலைக் கடந்து பினாங்கில் இறங்கி, ரயில் பாதையை ஒட்டியே தெற்கே குளுவாங் வரை, அங்கிருந்து காஹாங், பிறகு மேற்கே லாபிஸ், கடைசியில் மாசாய். காஹாங்கிலிருந்து இன்னொரு கோடு பிரிந்து வடக்கே போனது. ஜப்பான்காரன் காலத்தில் என் தாத்தாவின் அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். எந்த முகாம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்தக் கோடு எல்லையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் பேனாவை ஊன்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது.

கைப்பேசியில் புள்ளி சாம்பலானபோது எனக்கு அந்தப் பொட்டுதான் ஞாபகம் வந்தது.

என் கணவருக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. வேலை நேரத்தில் கைப்பேசி பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அவரைப் பிடிக்க முடியாது. நான் அண்ணனை அழைத்தேன். அண்ணன் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த வரைபட வேலை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஆனால் நான் விஷயத்தைச் சொன்னதும், “வீட்டுக்கு வா, கார எடுக்கிறேன்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய், மேசைமேல் இருந்த டேப் ஒட்டிய தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். அதை ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. தண்ணீர் போத்தலை எடுக்க மறந்தேன், அதை எடுத்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணன் ஆரம்பித்தார்.

“எத்தன தடவ சொன்னேன் தங்கச்சி? செத்தவங்க என்ன வழி தெரியாம நிக்கிறாங்களா? அவங்களுக்கு எதுக்கு மேப்பு?”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே.”

“நான் ரோட்டத்தான் பாக்குறேன். ஒம் மகதான் ரோடு இல்லாத எடத்துக்குப் போயிருக்கா.”

புள்ளியைப் பார்த்தபடி இருந்தேன்.

“அந்தப் பக்கம் யானை சுத்துது தெரியுமா? போன மாசம்கூட ஃபேஸ்புக்ல போட்டிருந்தான். இவ என்னடான்னா மோட்டார் எடுத்துக்கிட்டு. அதுவும் தனியா. ஒனக்கு எப்படி லா மனசு வந்துச்சு அனுப்ப?”

“நான் அனுப்பல. அவ போனா.”

“அதத்தான் சொல்றேன்.”

கொஞ்ச தூரம் போனபின் அவர் குரல் இறங்கியது. “அப்பா எப்படா அந்தத் தோட்டத்த விட்டு வெளிய வருவோம்னு வந்தாரு. கரண்டு இல்ல, கக்கூசு இல்ல. ஒனக்கு ஞாபகம் இருக்கா இல்லியா? நம்ம புள்ளைங்க ஏசி ரூம்ல வேல செய்யுதுங்க. நீங்க ரெண்டு பேரும் என்னடான்னா திரும்ப உள்ள போகணும்னு நிக்கிறீங்க. யாரு கேட்டா?”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பத்து வயது வரை நான் லாபிஸ் தோட்டத்து லயத்தில்தான் வளர்ந்தேன். ஆனால் வெளியே வந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யார் சட்டம் போட்டது? என்னோடு படித்த சீனத் தோழி தன் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தெருவில் கடை வைத்தது என்று ஏழு தலைமுறைக்குச் சொல்வாள். அவளிடம் யாரும் யானை வரும் என்று சொன்னதில்லை. எங்களிடம் மட்டும் ஏன் எல்லாரும் அங்கே ஒன்றும் இல்லை, விட்டுவிடு என்கிறார்கள்? இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லியிருக்கவேண்டும். அன்று வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

அவள் அந்தச் சனிக்கிழமையே போனதற்குக் காரணம் இருந்தது. செம்பனைக்கு வயதாகிவிட்டால் மரங்களைத் தள்ளி, மண்ணைப் புரட்டி, புதுக்கன்று நடுவார்கள். அந்தத் தோட்டத்தில் புரட்டும் வேலை தொடங்கிவிட்டது என்று காஹாங்கில் இருக்கும் அவள் தோழி சொல்லியிருந்தாள். இயந்திரம் ஒருமுறை போய்விட்டால், லயம் இருந்ததற்கு அடையாளமாக ஒரு செங்கல்லும் மிஞ்சாது. அடுத்த வாரம் நானும் வருகிறேன், சேர்ந்து போகலாம் என்றேன். “அடுத்த வாரம் அது இருக்குமான்னு தெரியாதும்மா,” என்றாள். போகிற வழியெல்லாம் இடத்தைப் பகிரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டேன்.

எங்கே போகவேண்டும் என்பதை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் குறித்தோம். லாபிசில் இருக்கும் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சாமி மண் மூணாங்கட்டை டிவிசனிலிருந்து வந்தது என்று சொல்லியிருந்தார். மைல் கல்லைத்தான் எங்கள் ஆட்கள் கட்டை என்பார்கள். மூணாங்கட்டை என்றால் மூன்றாவது மைல். பழைய தாளில் அந்தத் தோட்டத்துக்குள் நாலைந்து இடங்களில் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு லயத் தொகுதி. பெரிய சாலையிலிருந்து தோட்டம் பிரியும் முனையில் நூலை வைத்து, மண்சாலையின் வளைவுகளோடு மூன்று மைல் அளந்தோம். நூல் முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொகுதி இருந்தது. அதற்கு வட்டம் போட்டோம். என் மகள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அன்று எனக்கும் பெருமையாக இருந்தது.

தோட்டத்து வாசலில் ஒரு தடுப்புக் கம்பம், ஓரத்தில் ஒரு மோட்டார் நுழையும் இடைவெளி. யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை. காவலாளி உள்ளே விடவில்லை, ஆனால் கம்பியில்லாக் கருவியில் யாரையோ கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் சேறு அப்பிய ஒரு நாலு சக்கர வண்டியில் உதவி மேலாளர் வந்தார். மலாய்க்காரர், என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நான் மலாயில் விவரம் சொல்லி, கைப்பேசியில் கடைசிப் புள்ளியைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. உடனே அந்தப் பக்கம் இருந்த இரண்டு ஆட்களை அனுப்பினார். நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதில் வரும்வரை நான் தடுப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கருவி கரகரத்தது. மோட்டார் கிடைத்துவிட்டதாம். யானை வராமல் இருக்க வெட்டிய பெரிய பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறதாம். தலைக்கவசம் கண்ணாடியில் மாட்டியிருக்கிறதாம். ஆள் இல்லை.

அண்ணன் நடப்பதை நிறுத்தினார்.

“சாவி இருக்கா கேளுங்க,” என்றேன் உதவி மேலாளரிடம். கேட்டார். சாவி இல்லை. அவளே எடுத்துப்போயிருக்கிறாள். யாரும் இழுத்துப்போகவில்லை. அதுவரை என் மனதில் ஓடியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

உதவி மேலாளர் வண்டியின் முன்பக்கத்தில் கம்பெனி வரைபடத்தை விரித்தார். வழி தவறியவர்கள் பெரும்பாலும் சாலையைப் பிடித்து வெளியேறத்தான் பார்ப்பார்கள், ஆகவே மோட்டார் இருக்கும் இடத்திலிருந்து பெரிய சாலை வரை ஆட்களை வரிசையாக விடலாம் என்றார். நியாயமான யோசனை. அண்ணனும் தலையாட்டினார்.

“இல்ல,” என்றேன். “அவ வெளிய வரமாட்டா. உள்ளதான் போயிருப்பா.”

“உள்ள எங்க?” என்று கேட்டார் உதவி மேலாளர்.

“எங்க வீடு இருந்த எடத்துக்கு.”

அவர் தன் வரைபடத்தைப் பார்த்தார். நேர்கோடுகள், கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண். “தாக் அடா அபா-அபா சானா, காக்,” என்றார் மெதுவாக. அங்கே ஒன்றும் இல்லையே அக்கா என்கிறார். ஏளனமாகச் சொல்லவில்லை, பைத்தியத்திடம் பேசுகிற கனிவோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரைத் திறந்து என் தாளை எடுத்துவந்தேன். அவர் வரைபடத்தின் மேலேயே விரித்தேன்.

“உங்க மேப்புல இல்ல. என் மேப்புல இருக்கு. இதெல்லாம் ஆளுங்க இருந்த வீடு. இது கோயில். இது ரப்பர் ஆலை. இந்தக் காட்ட வெட்டி ரோடு போட்டவங்க இங்கதான் படுத்துத் தூங்கினாங்க. ஒங்க கம்பெனிக்கு முன்னால, அதுக்கு முன்னால இருந்த கம்பெனிக்கும் முன்னால.”

“தங்கச்சி,” என்றார் அண்ணன், “அந்தத் தம்பிகிட்ட எதுக்குச் சண்ட போடுற? விடும்மா.”

“விடமாட்டேன். மொதல்ல புள்ள கிடைக்கட்டும், அப்பறம் விடுறதப் பத்திப் பேசலாம்.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அலுவலகத்தில் நான் யாரையும் எதிர்த்துப் பேசாதவள். சாப்பாட்டுக் கடையில் காசு கூடுதலாகப் போட்டுவிட்டால்கூடப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறவள்.

உதவி மேலாளர் குனிந்து தாளைப் பார்த்தார். நாங்கள் போட்ட வட்டத்தைக் காட்டினேன். மோட்டார் நின்ற பள்ளம் அதற்கு வெகு அருகில்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தை ஆட்கள் பார்த்துவிட்டார்கள். மரங்களைத் தவிர ஒன்றுமில்லை. அப்படியென்றால் அவள் தேடியது அங்கே இல்லை. அங்கே இல்லையென்றால் அவள் என்ன செய்திருப்பாள்? அவளிடமும் இதே தாளின் நகல் இருக்கிறது. அவளும் மரத்தடியில் நின்று இதையே பார்த்திருப்பாள். நான் அவள் இடத்தில் நின்று பார்க்க முயன்றேன்.

“ஒங்க கட்டத்துக்கு நம்பர் எங்கேருந்து ஆரம்பிக்குது?” என்று கேட்டேன்.

இதென்ன கேள்வி என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார். “ஆபீசுலேருந்து.”

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஆபீசிலிருந்து எண்ணுகிறார்கள். தோட்டத்தில் இருப்பவன் தோட்டத்தின் நடுவிலிருந்துதான் எண்ணுவான். நாங்கள் லாபிசில் இருந்த லயத்துக்கு ரெண்டாங்கட்டை என்று பெயர். அந்த இரண்டு மைலை நான் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய். ஊரிலிருந்து இல்லை, சாலை முனையிலிருந்து இல்லை, ஆலையிலிருந்து இரண்டு மைல். ரப்பர் பால் கொண்டுபோய் நிறுப்பது ஆலையில், அரிசி வாங்குவது ஆலைக்குப் பக்கத்தில், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பது ஆலை வாசலில். பெரிய சாலை எங்கே இருக்கிறது என்று யாருக்கு என்ன கவலை? மாசாயில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, காரில் போகிறவர்களைப் போலப் பெரிய சாலையிலிருந்து நூலை வைத்திருந்தோம்.

நூல் கையில் இல்லை. கைவிரல்களை வைத்து ஆலையின் கறுப்புக் கட்டத்திலிருந்து பழைய பாதை வழியாக அளந்தேன். ஆற்றைத் தாண்டி, வளைவைத் தாண்டி, மூன்று மைல் முடிந்த இடத்தில் இரண்டு வரிசைக் கறுப்புக் கோடுகள். பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கட்டம், கோயில். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மோட்டார் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைலுக்கும் கூடுதல்.

“இங்க,” என்றேன். “இங்கதான் இருக்கா.”

உதவி மேலாளர் என் தாளின் ஓரத்தைத் தூக்கிக் கீழிருந்த தன் வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி மூடினார். மறுபடி தூக்கினார். நாங்கள் கணினியில் செய்வதைத்தான் அவர் கையால் செய்துகொண்டிருந்தார். பிறகு கருவியில் ஒரு கட்டத்தின் எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கம் பழம் ஏற்ற ஒரு லாரி நிற்கிறது, அதன் ஓட்டுநரைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பள்ளத்தைச் சுற்றி வரவேண்டும், நேரமாகும் என்றார். மற்ற ஆட்களை மோட்டார் பக்கமே தேடச் சொன்னார். அதையும் தப்பென்று சொல்லமாட்டேன். என்னை அவர் பாதி நம்பினார். அன்றைக்கு அந்தப் பாதி போதுமாக இருந்தது.

வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. செம்பனைக்குள் இருட்டு கீழேயிருந்து ஏறும், மேலே வானம் வெளுப்பாக இருக்கும்போதே அடிமரங்கள் தெரியாமல் போகும். தூறல் விழுந்தது. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்த எடத்துலயும் இல்லன்னா?” என்றார்.

“இருப்பா.”

“இல்லன்னா என்ன பண்ணலாம்னு கேக்குறேன்.”

“அண்ணே, இருப்பா.”

அவர் தன் கைக்குட்டையை எடுத்து என் தலையில் போட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது மழை வந்தால் அப்படித்தான் புத்தகப் பையைத் தூக்கி என் தலைமேல் பிடிப்பார்.

இது நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் அவள் குளிக்கப் போனால்கூடக் கைப்பேசியில் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். குடும்ப வாட்ஸாப் குழுவில் அன்றைக்கே செய்தி பரவி, ஆளாளுக்கு எழுதினார்கள். படித்த பொம்பளைக்கு இந்தப் புத்தி வேண்டாமா என்று ஒருத்தி. கல்யாண வயசுப் பெண்ணைக் காட்டுக்குள் விட்டுவிட்டு மேப்பு பார்த்துக்கொண்டிருந்தாளாம் என்று இன்னொருத்தி. அலமாக், நம்ம வம்சம் என்ன ராஜ வம்சமா, வழி தேட, என்று ஒருவர் சிரிப்புப் படம் போட்டார்.

அவர்களுக்கு அப்போது பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ராஜ வம்சம் இல்லை. ராஜாக்களுக்குக் கோட்டை இருக்கிறது, போனால் பார்க்கலாம், வழி தேடவேண்டியதில்லை. வழி தேடவேண்டியது எங்களைப் போன்றவர்களுக்குத்தான். கப்பலில் ஏறிய அன்று என் அப்பாவின் தாத்தாவுக்கு என்ன வயது என்று தெரியாது. அவரைப் பெற்றவள் கரையில் நின்றாளா, வீட்டிலேயே இருந்துவிட்டாளா என்றும் தெரியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை தடுப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றபோது அவளை எனக்குத் தெரிந்தது. என் பிள்ளையிடமிருந்து சில மணிநேரம் செய்தி இல்லை. அவளுக்குச் சாகும்வரை இல்லை. அவள் கையில் பார்ப்பதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. அவளுக்காகவாவது வரைபடத்துச் சிவப்புக் கோட்டைப் போட்டு முடிப்பேன். பயந்துகொண்டே போடுவேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்ளுங்கள், கவலையில்லை. நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அன்று மாலை தூறலுக்கு நடுவில் கருவி மறுபடி கரகரத்தது. லாரிக்காரர் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. உதவி மேலாளர் “எங்கே, எங்கே” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கருவியைக் காதிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

லாரி வருவதற்கு மேலும் நேரம் பிடித்தது. முதலில் மரங்களுக்கிடையில் விளக்கு ஆடுவது தெரிந்தது, பிறகு சத்தம். வங்காளதேசத்துக்காரர் ஒருவர் ஓட்டிவந்தார். பின்னால் செம்பனைக் குலைகள் குவிந்திருந்தன. அவருக்குப் பக்கத்து இருக்கையில் என் மகள். இடது கணுக்காலில் யாருடைய கைலியையோ கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தது. முழங்கை வரை சேறு. பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறும்போது வழுக்கியிருக்கிறது. வட்டம் போட்ட இடத்தில் ஒன்றும் இல்லாததால், தாளில் கோயில் கட்டம் இருந்த அடுத்த லயத்தைத் தேடி அந்தக் காலோடு ஒரு மைலுக்குமேல் நடந்திருக்கிறாள்.

நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். லாரிக்காரர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். அண்ணன்தான் முதலில் பேசினார். வழியெல்லாம் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

“அறிவிருக்கா ஒனக்கு? யானை மிதிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? ஒங்கம்மா இங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறா. போன் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படி என்னதான் இருக்கு அங்க?”

அவள் என் கைகளுக்கு நடுவிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“சிமெண்டுப் படி இருக்கு மாமா. வீடு எதுவும் இல்ல, படி மட்டும் வரிசையா நிக்குது. ஒரு படியில ஏறி உக்காந்துட்டேன், கால் வீங்கிடுச்சு, எந்திரிக்க முடியல. யார் வீட்டுப் படின்னு தெரியாது. நம்ம வீடுன்னு வச்சுக்கிட்டேன்.”